ஒரே பெயர், பல ஜாக்கெட்டுகள்: ஏ-2 விமானி ஜாக்கெட்டை நகலெடுப்பதில் உள்ள சிக்கல்

இணையத்தில் 'ஏ-2 லெதர் ஜாக்கெட்' என்று தேடினால், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜாக்கெட்டுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரண்டும் பழுப்பு. இரண்டுக்கும் முன்புறம் மூடி வைத்த இரண்டு பாக்கெட், தோளில் பட்டை, இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளிப் பின்னல். ஒன்றின் விலை பத்தாயிரத்துச் சொச்சம். இன்னொன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். விலை கூடிய ஜாக்கெட்டின் விவரக் குறிப்பைப் படித்தால் 'குதிரைத் தோல்', 'ரஃப் வேர் 27752', 'பருத்தி நூல்' என்று ஏதேதோ எழுதியிருக்கும். ஒன்றும் பிடிபடாமல், பிராண்டுக்குக் கொடுக்கும் காசு என்று முடிவு கட்டிவிடுவோம்.

பிராண்டுக்கும் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. ஆனால் விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் ஜாக்கெட் 'ஏ-2' என்ற பொதுத் தோற்றத்தைப் பார்த்துத் தைத்தது. இரண்டாவது, அமெரிக்க ராணுவத்துக்கு 1940களில் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலை, ஒரு குறிப்பிட்ட ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் நகல். 27752 என்பது அந்த ஆர்டரின் ஒப்பந்த எண். இப்படிப் பழையதை அப்படியே நகலெடுத்துத் தைப்பதை 'ரெப்ரோ' (reproduction) என்பார்கள். அந்த ரெப்ரோ உலகத்தின் விலை, அதில் ஓயாமல் நடக்கும் சண்டை, கூடவே வரும் போலிகள் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

## முதலில், ஏ-2 என்பது எது?

(நம் வீடுகளில் ஜாக்கெட் என்றால் வேறு பொருள். இந்தக் கட்டுரை முழுக்க அது ஆண்கள் மேலே மாட்டிக்கொள்ளும் தோல் கோட்டைத்தான் குறிக்கும்.)

அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1927-இல் ஏ-1 என்ற ஜாக்கெட்டை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பட்டன்கள், காலரும் கம்பளிப் பின்னல்தான். 1931 மே மாதம் அதற்கு அடுத்ததாக ஏ-2 வந்தது. பட்டனுக்குப் பதில் ஜிப், பின்னல் காலருக்குப் பதில் தோல் காலர். அதன் வரைபட எண் 30-1415. இந்த எண்ணை ஜாக்கெட்டின் கழுத்துக்கு உட்புறம் தைத்த லேபிளில் இன்றும் படிக்கலாம்.

பலர் தவறாக நினைக்கும் ஒன்று: ஏ-2 குளிருக்கான உடை அல்ல. ராணுவத்தின் கணக்கில் அது கோடைக்கால ஜாக்கெட். உள்ளே மெல்லிய லைனிங் மட்டும். மிக உயரத்தில் கதகதப்பு இல்லாத விமானத்தில் பறப்பவர்களுக்கு என்று 1934-இல் ஏற்கப்பட்ட பி-3 தனி; அது ரோமத்தோடு பதனிட்ட ஆட்டுத் தோல், அணிந்தால் ஆள் இரு மடங்கு தெரிவார். பிரிட்டிஷ் விமானிகள் போட்ட இர்வின் ஜாக்கெட்டும் அந்த வகைதான். கடற்படை விமானிகளுக்கு வெள்ளாட்டுத் தோலில், ரோமக் காலர் வைத்த எம்-422ஏ. அந்த வம்சம்தான் பின்னாளில் ஜி-1 என்று பெயர் பெற்றது. ஒவ்வொன்றையும் நகலெடுக்க ஆட்கள் உண்டு. ஆனால் சண்டை அதிகம் நடப்பது ஏ-2-வைச் சுற்றித்தான்.

1943-இல் ராணுவம் தோல் ஜாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டுத் துணியில் தைத்த பி-10-க்கு மாறியது. 1988-இல் அமெரிக்க விமானப்படை ஏ-2-வை மறுபடி கொண்டுவந்தது, இந்த முறை வெள்ளாட்டுத் தோலில். ஆக, சேகரிப்பாளர்கள் 'ஒரிஜினல்' என்று சொல்வது 1931-க்கும் 1943-க்கும் இடைப்பட்டதை. அதிலும் பெரும்பான்மை போர்க்காலத்து அவசரத்தில் தைத்தது.

## வரைபடம் ஒன்று, தைத்தவர்கள் பலர்

ராணுவம் தானாக ஜாக்கெட் தைக்கவில்லை. வரைபடத்தையும் விவரக் குறிப்பையும் கொடுத்து, தனியார் கம்பெனிகளிடம் ஆர்டர் கொடுத்தது. பென்சில்வேனியாவின் மிடில்டவுனில் ரஃப் வேர், நியூயார்க் மாநிலத்தின் பீக்கனில் ஏரோ லெதர், அதே மாநிலத்தின் நியூபர்கில் பெர்ரி ஸ்போர்ட்ஸ்வேர், சிகாகோவில் டூபோ. இன்னும் பலர். இவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு சாதாரண கோட்டும் விளையாட்டு உடைகளும் தைத்துக்கொண்டிருந்தவர்கள்.

விவரக் குறிப்பு எவ்வளவு கறாராக இருந்தாலும் கட்டிங் மேசையில் நிற்பவர் தன் பழக்கப்படிதான் வெட்டுவார். ஒரே அளவுச் சட்டைத்துணியை நாலு டெய்லரிடம் கொடுத்துப் பாருங்கள், நாலு காலர் வரும். ஏ-2-வில் நடந்ததும் அதுதான். வித்தியாசம் எங்கெங்கே என்று பார்த்தால்:

1. காலர். சில கம்பெனிகள் காலருக்கு அடியில் தனியாக ஒரு பட்டை வைத்துத் தைத்தன. அப்படித் தைத்தால் காலர் நிமிர்ந்து நிற்கும். சில கம்பெனிகள் காலரை நேராகக் கழுத்தோடு இணைத்தன. அது தோளில் தட்டையாகப் படுக்கும். காலர் நுனி கூராக நீண்டதும் உண்டு, குட்டையாக மழுங்கியதும் உண்டு.
2. பாக்கெட் மூடி. இதுதான் கம்பெனியின் கையெழுத்து மாதிரி. நடுவில் கூர்மையாக இறங்குவது, மெல்ல வளைந்து இறங்குவது, ஓரங்களில் உருண்டது என்று பழகிய கண்ணுக்கு நாலு அடி தூரத்திலேயே தெரியும். பாக்கெட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் மாறும்.
3. தோள்பட்டையின் அகலம், அதன் முனையில் போட்ட பெட்டித் தையல்.
4. கை எந்தக் கோணத்தில் உடம்போடு சேர்கிறது என்பது. போட்டோவில் இது தெரியவே தெரியாது. மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினால்தான் தெரியும்.

ஒரே கம்பெனிக்குள்ளும் ஆர்டருக்கு ஆர்டர் மாற்றம் உண்டு. அதனால்தான் 'ரஃப் வேர் ஏ-2' என்று நிறுத்தாமல் 'ரஃப் வேர் 1401', 'ரஃப் வேர் 27752' என்று எண்ணோடு சொல்கிறார்கள். வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உண்மையில் 'ஏ-2-வின் நகல்' என்பதற்குத்தான் தெளிவான பொருள் கிடையாது. எந்த ஏ-2 என்று சொன்ன பிறகே நகல் என்ற பேச்சு தொடங்குகிறது.

## நகல் எப்படி உருவாகிறது?

ஜப்பானில் பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ், இங்கிலாந்தில் ஈஸ்ட்மேன், ஸ்காட்லாந்தில் ஏரோ லெதர் போன்றவை இதில் பெயர் வாங்கிய கம்பெனிகள். (ஸ்காட்லாந்து ஏரோவும் பீக்கனில் இருந்த பழைய ஏரோவும் ஒன்றல்ல.) இவை தவிர, ஒரு மெஷினை வைத்துக்கொண்டு தனியாகத் தைப்பவர்களும் இருக்கிறார்கள். வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும்.

1. லேபிள் படிக்கும் நிலையில் உள்ள, பிற்காலத்தில் கைவைக்காத ஒரு ஒரிஜினல் வேண்டும். செலவு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

2. தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக்கிக் காகிதத்தில் வைத்து வரைய வேண்டும். பிரிக்காமலே அளந்து வரைபவர்களும் உண்டு, ஆனால் மடிப்புக்குள் எத்தனை மில்லிமீட்டர் விட்டுத் தைத்தார்கள் என்பது பிரிக்காமல் தெரியாது.

3. வரைந்ததை நம்பக் கூடாது. எண்பது வருடத் தோல் முழங்கையில் விரிந்திருக்கும், அக்குளில் வியர்வையில் சுருங்கியிருக்கும், கழுத்தில் ஆணியில் மாட்டி மாட்டி இழுபட்டிருக்கும். அப்படியே வரைந்தால், அந்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தவரின் உடம்பும் சேர்ந்து நகலாகும். அதே ஒப்பந்தத்தின் இன்னும் சில ஜாக்கெட்டுகளை ஒப்பிட்டுச் சராசரி எடுத்தால்தான் தொழிற்சாலையின் பேட்டர்ன் வெளிப்படும்.

4. எது கம்பெனியின் வழக்கம், எது ஒரு தொழிலாளியின் தவறு என்று பிரிக்க வேண்டும். இடது பாக்கெட் வலதைவிடச் சற்று மேலே இருந்தால், அது அந்த ஆர்டர் முழுவதிலும் அப்படியா, இல்லை அன்றைக்கு சாயங்காலம் அவசரத்தில் தைத்ததா? ஒரே ஒரு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

5. கையில் கிடைத்த ஒரிஜினலின் அளவு 38 என்றால், அதிலிருந்து 36, 40, 42 எல்லாம் உருவாக்க வேண்டும். எல்லா இடத்தையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் காலர் பூதாகரமாகிவிடும். இந்த இடத்தில் கணக்கை விட, அனுபவப்பட்ட கட்டிங் மாஸ்டரின் கைதான் பேசும்.

மலிவான ஜாக்கெட்டில் இந்த ஐந்தும் கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரிஜினல் ஏ-2-வின் முதுகு ஒரே துண்டுத் தோல். சின்னத் தோல்களை மிச்சம் பிடித்துத் தைப்பவர்கள் முதுகில் குறுக்கே ஒரு தையல் போட்டுவிடுவார்கள். அப்புறம் பாக்கெட்டின் பக்கவாட்டில் கை நுழைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். போர்க்கால ஏ-2-வில் அது கிடையாது.

## குதிரை எங்கே போயிற்று?

ஏ-2 வெள்ளாட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் வந்திருக்கிறது. ஆனாலும் அதிகம் குதிரைத் தோல்தான். காரணத்தில் வீரம், கௌரவம் எதுவும் இல்லை. அன்றைய அமெரிக்காவில் குதிரைத் தோல் தாராளமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

1915-ஐ ஒட்டிய காலத்தில் அந்த நாட்டில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து சுமார் 2.6 கோடி இருந்தன. உழவு, வண்டி, சுமை எல்லாம் அவற்றின் முதுகில். டிராக்டரும் லாரியும் வர வர வேலை செய்யும் குதிரைகள் குறைந்தன. 1960-க்குள் எண்ணிக்கை ஏறக்குறைய 30 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அமெரிக்காவின் கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்களும் 2007-இல் மூடப்பட்டன. தோல் எப்போதும் இறைச்சியின் பின்னால் வரும் பொருள். இன்று ரெப்ரோவுக்கான குதிரைத் தோல், குதிரை இறைச்சி உண்ணும் வழக்கமுள்ள ஐரோப்பிய நாடுகளின் பக்கமிருந்துதான் பெரும்பாலும் கிளம்புகிறது. அதில் நல்ல பங்கு ஜப்பானின் ஹிமேஜிக்குப் போய்ச் சேருகிறது. நமக்கு வாணியம்பாடி, ஆம்பூர் எப்படியோ ஜப்பானியர்களுக்கு ஹிமேஜி அப்படி. தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடும் ஊர். அங்குள்ள ஷிங்கி என்ற தொழிற்சாலையின் குதிரைத் தோல் என்றால் ரெப்ரோ வட்டாரத்தில் தனி மரியாதை, அதற்கேற்ற விலை.

ஆக, அன்று கையில் கிடைத்ததை வைத்துத் தைத்தார்கள். அந்த 'கையில் கிடைத்தது' இன்று கண்டம் விட்டுக் கண்டம் போய்த் தேட வேண்டிய சரக்காகிவிட்டது. விலையில் பெரிய பங்கு இதற்கு.

அடுத்தது பதனிடும் முறை. இரண்டு முறைகளை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

தாவர முறை: மரப்பட்டை, காய்களில் உள்ள துவர்ப்புச் சத்தில் தோலை ஊறவைப்பது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துக் காலங்காலமாகச் செய்துவந்தது இதுவே. வாரக்கணக்கில் ஆகும். தோல் விறைப்பாக வரும், மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும், பழகப் பழக நிறம் மாறும்.

குரோம் முறை: குரோமிய உப்பில் பதனிடுவது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொழிலாக வளர்ந்தது. ஓரிரு நாளில் முடியும். தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான்.

இன்றைய ரெப்ரோக்காரர்கள் பலர் தாவர முறைத் தோலையே விரும்புகிறார்கள். முழங்கைக்கு உட்புறம் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும். குரோம் தோலில் அங்கே மென்மையான அலை அலையான மடிப்புகள் விழும், கையை நீட்டினால் மறையும். தாவர முறைக் குதிரைத் தோலில், உலர்ந்த ஏரிப் படுகைபோல் நுணுக்கமான கோடுகள் விழுந்து அங்கேயே தங்கிவிடும். மேல்பூச்சு அந்தக் கோடுகளின் முகட்டில் முதலில் தேயும், அடியில் இருக்கும் இளம்பழுப்பு எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று குளிர்காலம் போட்டாலே பழைய ஜாக்கெட்டின் களை வந்துவிடும். வாங்குபவர்கள் காசு கொடுப்பதும் இதற்குத்தான்.

## நூல், ஜிப், பின்னல்

லைனிங்கைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பெரும்பாலும் பருத்தித் துணிதான். சிக்கல் மற்ற மூன்றில்.

1. நூல். ஒரிஜினலில் பருத்தி. பருத்தி நூல் வியர்வை பட்ட இடத்தில் மக்கி அறும். பழைய ஜாக்கெட்டுகளின் அக்குள் பிரிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். பாலியெஸ்டர் நூல் லேசில் அறாது. ஆனால் பலமாக இழுபட்டால் நூலுக்குப் பதில் தோல் கிழியும். நூல் அறுந்தால் மறுபடி தைத்துவிடலாம், தையல் துளையோரம் தோல் கிழிந்தால் என்ன செய்வது? உள்ளே பாலியெஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூலைச் சிலர் நடுவழியாகப் பயன்படுத்துகிறார்கள். தீவிர ரசிகர்களுக்கு அதுவும் பிடிக்காது.

2. ஜிப். பென்சில்வேனியாவின் மீட்வில்லில் இருந்த டாலன் கம்பெனியின் ஜிப்தான் அதிகம்; கிரவுன், கான்மார் ஜிப்புகளும் உண்டு. போர்க்காலத்தில் பித்தளை தோட்டாவுக்குத் தேவைப்பட்டதால் ஜிப்பின் உலோகமும் மாறிக்கொண்டே இருந்தது. அதனால் ஜிப்பைப் பார்த்தே ஜாக்கெட்டின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். விற்காமல் கிடந்த பழைய ஜிப்பைத் தேடிப் பிடித்து வைத்துத் தைப்பவர்கள் உண்டு. பார்க்க அழகு, ஆனால் அதன் துணிப் பட்டையும் எண்பது வயதுக் கிழம். ஜப்பானியக் கம்பெனிகள் பழைய ஜிப்பையே அச்சு அசலாக மறுபடி செய்கின்றன. எதுவானாலும் ஊசியைக் கீழ்ப்பெட்டிக்குள் முழுசாக இறக்கிவிட்டுத்தான் மேலே இழுக்க வேண்டும். பாதியில் இழுத்தால் பெட்டி வாய் பிளந்துவிடும். ஜிப்பை மாற்ற முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.

3. கம்பளிப் பின்னல். கம்பளியைப் பூச்சி அரிக்கும். அதனால் ஒரிஜினல்களில் பலவற்றுக்கு இடுப்பும் மணிக்கட்டும் எப்போதோ மாற்றித் தைத்தவை. பழைய நிறம் என்ன என்று தெரிய வேண்டுமானால், மடிப்புக்குள் சிக்கி மிச்சமிருக்கும் நூலிழையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மலிவு ஜாக்கெட்டில் அக்ரிலிக் கலந்த பின்னல் வரும். பூச்சி சீண்டாது, ஆனால் சீக்கிரமே தளர்ந்து தொளதொளக்கும்.

## எந்த நாளை நகலெடுப்பது?

பேட்டர்ன், தோல், நூல் எல்லாம் சரி. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 1942-இல் பெட்டியிலிருந்து எடுத்த புது ஜாக்கெட்டை நகலெடுக்கிறோமா, இன்று அருங்காட்சியகத்தில் தொங்கும் அதே ஜாக்கெட்டையா?

நிறத்தையே எடுத்துக்கொள்வோம். ஏ-2 செம்பழுப்பிலும் வந்தது, கரும்பழுப்பிலும் வந்தது. ஆனால் செம்பழுப்பு ஜாக்கெட்டுகள் பல, ராணுவப் பணிமனைகளில் பழுது பார்க்கும்போது கரும்பழுப்பாகச் சாயம் ஏற்றப்பட்டன. இன்று நம் கைக்கு வரும் ஒரு கரும்பழுப்பு ஒரிஜினல், தொழிற்சாலையை விட்டு வந்தபோது வேறு நிறத்தில் இருந்திருக்கலாம். அந்த இருண்ட நிறத்தை நகலெடுத்தால் பணிமனையை நகலெடுத்ததாகிறது. அதுவும் வரலாறுதானே என்றால், ஆமாம். எந்த வரலாறு என்று லேபிளில் சொல்லிவிட்டால் போதும்.

அளவிலும் இதே தகராறு. ஒரிஜினல் ஏ-2 உட்கார்ந்து பறப்பவனுக்கானது. குட்டை, பெல்ட்டோடு நின்றுவிடும். ஒல்லியான இளைஞர்களுக்கு வெட்டியது. இன்று 40 அளவுச் சட்டை போடுபவர், அசலான 40 அளவு ஏ-2-வை மாட்டினால் ஜிப் ஏறும், ஆனால் மூச்சு விட யோசிக்க வேண்டும். அதனால் சில கம்பெனிகள் நீளத்தை ஓர் அங்குலம் கூட்டி, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி விற்கின்றன. போடுவதற்கு வாங்குபவர்களுக்கு இது நல்லதே. அதை 'அச்சு அசல் 1942' என்று விளம்பரம் செய்வதுதான் ஏமாற்று.

புது ஜாக்கெட்டை உரசி, கசக்கி, வெயிலில் போட்டுப் பழசாக்கி விற்பதும் நடக்கிறது. வேறொருவர் தேய்த்த தேய்மானத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது எனக்கு என்னவோ ஒப்பவில்லை.

## நகல் எப்போது போலியாகிறது?

செய்பவர் நகல் என்று சொல்லியே விற்கிறார். மூன்றாவது கை மாறும்போதுதான் வினை. நல்ல ரெப்ரோவின் லேபிளில் கம்பெனிப் பெயர், வரைபட எண், ஒப்பந்த எண் எல்லாம் பழையபடியே இருக்கும். தயாரித்தவரின் சொந்த அடையாளம் பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன லேபிளில் இருக்கும். அதைப் பிய்த்துவிட்டு இருபது வருடம் போட்டுத் தேய்த்தால், அனுபவமில்லாதவரிடம் ஒரிஜினல் என்று தள்ளிவிடலாம்.

இதைப் பிடிக்கச் சில வழிகள் உண்டு.

1. புற ஊதா விளக்கு. போருக்குப் பிந்திய துணிகளிலும் நூல்களிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ப்பது பரவலானது. அது அந்த விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிரும். ஆனால் பின்னாளில் சோப்புத் தூளில் துவைத்தாலும் ஒளிரும் என்பதால், இதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது.
2. நூல். பாலியெஸ்டர் சந்தைக்கு வந்தது 1950களில்தான். முக்கியத் தையல்களில் அது இருந்தால் ஒன்று பிற்காலப் பழுது, இல்லையென்றால் பிற்கால ஜாக்கெட்.
3. பொருத்தம். லேபிள் சொல்லும் கம்பெனியின் பாக்கெட் மூடிதானா, காலர்தானா, ஜிப்பின் காலம் ஒப்பந்தத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை இதுதான்.

ஜாக்கெட்டை இப்படிச் சோதித்துவிடலாம். அதன் மேல் ஒட்டியிருப்பதைச் சோதிப்பது கடினம். பெரிய பணமும் அங்கேதான் இருக்கிறது. வெறும் ஏ-2-வை விட, படைப்பிரிவுச் சின்னம் தைத்தது, முதுகில் ஓவியம் தீட்டியது பல மடங்கு விலை போகும். இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானிகளின் ஜாக்கெட்டுகளில், சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் கேடயச் சின்னம் இருக்கும்: மேலே நீலத்தில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள். விமானம் விழுந்தால் தன்னைக் காப்பாற்றச் சொல்லிச் சீன எழுத்தில் வேண்டும் துணியையும் சிலர் ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டார்கள். கேடயச் சின்னங்களில் பலவற்றை இந்தியக் கைவினைஞர்களே உள்ளூரில் செய்துகொடுத்தார்கள். வண்ணத் தோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்த வேலை. ஒருவர் வெட்டிய நட்சத்திரம் மற்றவர் வெட்டியதுபோல் இருக்காது. ஒப்பந்த எண் இல்லை, வரைபடம் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. ரஃப் வேரின் பாக்கெட் மூடியை இன்னொரு ரஃப் வேரோடு ஒப்பிடலாம். கடைவீதியில் உட்கார்ந்து ஒருவர் வெட்டிய நட்சத்திரத்தை எதனோடு ஒப்பிடுவது? போலி செய்பவர்களும் ஜாக்கெட்டை விட்டுவிட்டுச் சின்னத்தில் கைவைப்பது அதனால்தான்.